தீர்ந்த தண்டனை, திறவாத வாயில்

குற்றம் புரிந்த ஒருவன் அதற்குரிய தண்டனையை முழுமையாக அனுபவித்து முடித்த பிறகு, அவனுக்கும் குற்றமே செய்யாத மற்றொருவனுக்கும் இடையே ஏதேனும் வேற்றுமை எஞ்சியிருக்க வேண்டுமா? அறநூலாரும் சட்ட அறிஞரும் நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்வி இது. ஏட்டில் வைத்து விடையிறுப்பது எளிது. "எஞ்சியிருக்கக் கூடாது" என்று நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் இக்கேள்வி ஏட்டை விட்டிறங்கி, நாள்தோறும் உயிருள்ள மனிதர்கள் முன் வந்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. கனடாவையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளையும் பிரிக்கும் எல்லைக்கோடே அந்த இடம். அங்கே இக்கேள்விக்கு ஆளாகிறவர், பழைய வழக்கொன்றின் பதிவைத் தம் பெயரோடு சுமந்து செல்லும் லாரி ஓட்டுநர்.

அவ்வெல்லை 8,891 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் குறுக்கே சரக்கு செல்லும் வழிகளோ சிலவே. கனடாவின் வின்சர் நகரையும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரையும் இணைக்கும் அம்பாசடர் பாலம் 1929-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பஃபலோ நகருக்கருகே உள்ள சமாதானப் பாலம் அதற்கு இரண்டாண்டு மூத்தது. சார்னியாவுக்கும் போர்ட் ஹியூரனுக்கும் இடையிலுள்ள நீலநீர்ப் பாலம் 1938-இல் வந்தது. மோட்டார் தொழிற்சாலைகள் இருகரையிலும் நிறைந்த பகுதி அது. ஒரு காரின் உறுப்பு, முழுக் காராக உருப்பெறுமுன் இவ்வெல்லையைப் பலமுறை கடந்துவிடுவது வழக்கம். அவ்வுறுப்பு கடக்கும்போதெல்லாம் அதை ஏற்றிச் செல்லும் மனிதனும் கடக்க வேண்டும். சுற்றுலாப் பயணி ஆண்டுக்கொருமுறை பார்க்கும் சாவடி, ஓட்டுநருக்கு வாரத்தில் பலநாள் ஏறியிறங்கும் வீட்டுத் திண்ணையைப் போன்றது.

அவர் வருமுன்னரே அவர் பெயர் வந்துவிடுகிறது. லாரி எல்லையைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சரக்குப் பட்டியலும் ஓட்டுநரின் விவரமும் மின்வழியே அனுப்பப்பட வேண்டுமென்பது இன்றைய விதி. கனடாவின் போலீஸ் தகவல் மையத்தில் உள்ள குற்றப் பதிவுகளை அமெரிக்க எல்லை அதிகாரிகளும் பார்க்க இயலும். ஆகவே இருபது வயதில் கடையொன்றில் கைவைத்த கதை, நாற்பத்தைந்து வயதில் தக்காளிப் பெட்டிகளோடு வந்து நிற்கும் மனிதரை முந்திக்கொண்டு சாவடியின் கண்ணாடிக்குப் பின்னே காத்திருக்கும். அதிகாரி சில கேள்விகள் கேட்கிறார். "வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்" என்கிறார். அதன் பிறகு லாரி திரும்பிப் போகிறது.

இதற்குச் சட்டம் கூறும் சமாதானம் மிகத் தெளிவானது: இது தண்டனையன்று. வேற்று நாட்டவன் எவனுக்கும் உள்ளே நுழையும் உரிமை கிடையாது. ஒருவனை உள்ளே விடுவது அந்நாட்டின் கருணையைச் சேர்ந்தது. கருணையை மறுப்பது தண்டிப்பதாகாது. உள்ளே இருப்பவனை வெளியேற்றுவதுகூடத் தண்டனையன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. நயாகரா அருவியை மறுகரையிலிருந்து காணச் செல்பவருக்கு இந்தச் சமாதானம் பொருந்தலாம். அவர் இழப்பது ஒருநாள் இன்பம். எல்லையைக் கடப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு என்ன பெயரிட்டாலும் அது தண்டனையாகவே வந்து சேர்கிறது. ஒருவன் உழுது பிழைக்கும் வயலுக்கு வேலியிட்டுவிட்டு, "உன்னை நான் தண்டிக்கவில்லை, என் வேலியை நான் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்வதில் சொல்லளவில் பிழையில்லை. ஆயினும் உழவன் பட்டினி கிடப்பான்.

அவருடைய சொந்த நாடு அவரை மன்னிக்கவில்லையா? மன்னிக்க வழி செய்திருக்கிறது. கனடா 1970-ஆம் ஆண்டு குற்றப் பதிவுகள் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. தண்டனை முடிந்து குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்தவர் விண்ணப்பித்தால், அவருடைய பதிவு மற்றப் பதிவுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஒதுக்கி வைக்கப்படும். அதற்கு 'மன்னிப்பு' என்றே பெயர் இருந்தது. 2012-இல் அச்சொல்லை நீக்கி, 'பதிவு நிறுத்திவைப்பு' என்று மாற்றினார்கள். காத்திருக்கும் காலத்தையும் சிறு குற்றங்களுக்கு 5 ஆண்டு, பெருங்குற்றங்களுக்கு 10 ஆண்டு என நீட்டினார்கள். பெயர் மாற்றத்தை அற்பமானதாக நான் கருதவில்லை. மன்னிப்பு என்பது ஒரு மனிதனை நோக்கிச் செய்யப்படுவது. நிறுத்திவைப்பு என்பது ஒரு காகிதத்தை நோக்கிச் செய்யப்படுவது. முன்னதில் யாரோ ஒருவர் மனமிரங்குகிறார். பின்னதில் ஒரு கோப்பு அலமாரி மாறுகிறது, அவ்வளவுதான்.

எப்பெயரிட்டாலும், அந்த மன்னிப்பு பாலத்தின் நடுவே நின்றுவிடுகிறது. கனடா தரும் மன்னிப்பு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது. அதைவிடக் கொடிய செய்தி ஒன்று உண்டு. மன்னிப்புக் கிடைப்பதற்கு முன்பு என்றோ ஒருநாள் அமெரிக்க அதிகாரி அப்பதிவைப் பார்த்துத் தம் கணிப்பொறியில் ஏற்றியிருந்தால், கனடா தன் ஏட்டில் அதை மறைத்த பின்னும் அந்த நகல் அங்கே அப்படியே இருக்கும். பிழை செய்த வீட்டார் மறந்துவிட்டனர். அண்டை வீட்டார் நினைவில் வைத்திருக்கின்றனர்.

ஹன்னா அரெண்ட் என்ற சிந்தனையாளர் 1958-இல் எழுதிய 'மனித நிலைமை' என்ற பொருளுடைய நூலில் இதைப் பற்றி ஆழ்ந்த கருத்தொன்றைச் சொன்னார். மன்னிப்பும் தண்டனையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவர் பார்வையில் அவை ஒரே வேலையைச் செய்யும் இரு வழிகள். தடுக்காவிட்டால் முடிவின்றித் தொடர்ந்துகொண்டே போகக்கூடிய ஒன்றுக்கு இரண்டுமே முடிவு கட்ட முயல்கின்றன. இதை ஒப்புக்கொண்டால், எல்லைச் சாவடியில் நிகழ்வதற்கு நம் அகராதியில் பெயரே இல்லை என்றாகிறது. அது மன்னிப்பாகாது, சட்டமே சொல்வதுபோல் தண்டனையும் ஆகாது. ஏனெனில் தண்டனைக்கு ஒரு முடிவு தேதி உண்டு.

ஆயினும் எதிர்த்தரப்பின் வாதத்தை உரிய மதிப்போடு கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தம் வேலையாளின் களவை மன்னித்துவிட்டார் என்பதற்காக, நான் என் வீட்டுச் சாவியை அவ்வேலையாளிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவனா? மன்னிப்பது ஒன்று, நம்புவது வேறொன்று. மன்னிப்பைக் கொடுப்பவர் தம் நெஞ்சிலிருந்து கொடுக்கலாம். நம்பிக்கையை நம்பப்படுபவர் ஈட்டித் தரவேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலையில் செல்லும் லாரி, சரக்கோடு சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 டன் எடை இருக்க அனுமதியுண்டு. அதை ஓட்டுபவர் தனியே செல்கிறார்; பல நூறு மைல்களுக்கு அவரை மேற்பார்ப்பவர் இல்லை; பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்பதற்கு அவர் கையொப்பமே சாட்சி. அத்தகையவர் யார் என்று கேட்க ஒரு நாட்டுக்கு உரிமையில்லை என்று சொல்வது அறமாகாது. தன் குடிமக்களைக் காப்பது அரசின் முதற்கடமை.

மன்னிப்புக்கும் நம்பிக்கைக்கும் இடையிலுள்ள இச்சிக்கல் நம் சட்ட மேதைகளுக்குப் புதியதன்று. கற்புடைய பெண்மீது அவதூறு கூறி, நான்கு சாட்சிகளைக் கொண்டுவர இயலாது போனவனுக்குக் கசையடியும், அவன் சாட்சியம் ஏற்கப்படாது என்ற விதியும் திருக்குர்ஆனில் கூறப்பட்டு, தவ்பாச் செய்து திருந்தியவர்க்கு விலக்கும் அடுத்து வருகிறது. அந்த விலக்கு எதைச் சாரும்? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், திருந்தியவனின் சாட்சியமும் மீண்டும் ஏற்கப்படும் என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்), இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்தும் அதுவே. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களோ, தவ்பா அவனுடைய பாவி என்ற பெயரைத்தான் நீக்கும், நீதிமன்றத்தில் அவன் நாவுக்கு இழந்த மதிப்பு இழந்ததே என்றார்கள். கடற்கரைப் பட்டினத்து ஷாஃபிஈ மார்க்கத்தாரும் உள்நாட்டு ஹனஃபி மார்க்கத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நம் நாட்டில், இவ்விரு தீர்ப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து வந்திருக்கின்றன. நான் இங்கே வழக்காட வரவில்லை. கண்டிப்பான தீர்ப்பிலும் உள்ள ஓர் அளவையே சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பொய்யுரைத்த நாவுக்குச் சாட்சிக் கூண்டு அடைக்கப்பட்டது. அவன் கடை வைக்கவோ, கலம் ஓட்டவோ, சந்தைக்குச் செல்லவோ தடையில்லை. குற்றம் எந்தக் கதவை உடைத்ததோ அந்தக் கதவு மட்டுமே பூட்டப்பட்டது.

எல்லைச் சட்டங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் வியப்பான முடிவுகள் கிடைக்கின்றன.

அமெரிக்கச் சட்டம் 'ஒழுக்கக்கேடான குற்றம்' என்ற சொல்லை 1891 முதல் குடியேற்றத் துறையில் கையாண்டு வருகிறது. (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்திலும் இச்சொல்லுக்கு இடமிருந்தது, எங்கும் இதற்குத் தெளிவான இலக்கணம் வகுத்தவரில்லை.) இச்சொல் மிகவும் தெளிவற்றது, இதை வைத்து ஒரு மனிதனை நாடு கடத்தலாகாது என்ற வாதம் 1951-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. நீதிபதி ஜாக்சன் மாறுபட்டு எழுதினார். அவரோடு இருவர் உடன்பட்டனர். எழுபதாண்டுகள் கடந்தும் அச்சொல் அப்படியே நிற்கிறது. அதன்படி களவும் மோசடியும் ஒழுக்கக்கேடு. சிறு குற்றம் ஒரே ஒன்றாயிருந்து, அதற்குரிய உச்சத் தண்டனை ஓராண்டுக்கு மேற்படாமலும், பெற்ற சிறைத்தண்டனை ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் இருந்தால் விலக்குண்டு. இளமையில் இருமுறை கைநீட்டியவருக்கு அது கிட்டாது. போதைப்பொருள் வழக்கெனில் அந்தச் சிறு விலக்கும் இல்லை. ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, வேறு கேடு எதுவும் சேராதவரை, ஒழுக்கக்கேடான குற்றமாகாது என்பதே அங்குள்ள தீர்ப்புகளின் போக்கு.

கனடாவின் மனச்சாட்சி வேறு விதமானது. 2018 டிசம்பர் 18 முதல் அங்கே போதையில் வாகனமோட்டும் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தப்பட்டது. பத்தாண்டு தண்டனைக்குரிய குற்றமென்றால் குடியேற்றச் சட்டத்தில் அது 'கடுங்குற்றம்' என்னும் வகையில் சேரும். சாதாரணக் குற்றம் ஒன்றை மட்டும் செய்த வெளிநாட்டவர், தண்டனை முடிந்து பத்தாண்டு ஒழுங்காக இருந்தால் தாமாகவே திருந்தியவராகக் கருதப்படுவார். கடுங்குற்றத்துக்கு அச்சலுகை இல்லை. ஐந்தாண்டு கழித்து விண்ணப்பம் போட்டு, தாம் திருந்திவிட்டதை மெய்ப்பிக்க வேண்டும்; அதற்கு முன் செல்ல வேண்டுமெனில் தற்காலிக அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆக, ஒரே பாலத்தின் இரு முனைகளில் இரு வேறு நீதிகள். முன்பொருநாள் மதுபோதையில் பிடிபட்ட ஓட்டுநரை அமெரிக்கா உள்ளே விடும், கனடா தடுக்கும். கடையில் இருமுறை திருடியவரை, ஐந்தாண்டு கடந்தால் விண்ணப்பத்தின் பேரிலேனும் கனடா ஏற்க வழியுண்டு. அமெரிக்காவோ முப்பதாண்டு கடந்தாலும் நிறுத்திக் கேட்கும்.

இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. லாரி ஓட்டுநரைப் பொறுத்தவரை கனடாவின் கண்டிப்பே நியாயத்துக்கு அருகில் நிற்கிறது. போதையில் ஓட்டியவன் உடைத்தது சாலையின் நம்பிக்கையை. அவன் மீண்டும் கேட்பதும் சாலையைத்தான். ஆனால் அங்கேயும் அளவு தவறுகிறது. ஒரு தங்கையின் திருமணத்துக்கு விமானத்தில் வரும் கணக்கெழுத்தருக்கும், 36 டன் வண்டியோடு வரும் ஓட்டுநருக்கும் அதே சட்டம் அதே தடையைப் போடுகிறது. அமெரிக்கச் சாலைச் சட்டம் இவ்வகையில் நுட்பமானது: போதையில் ஓட்டிய கனரக ஓட்டுநருக்கு முதல் முறை ஓராண்டு உரிமம் போகும், இரண்டாம் முறை வாழ்நாள் முழுதும் போகும், பத்தாண்டுக்குப் பின் நிபந்தனைகளோடு மீட்க வழி வைத்திருக்கிறார்கள். சாலையை அறிந்தவர்கள் எழுதிய சட்டத்தில் காலக்கணக்கு இருக்கிறது. எல்லையை மட்டும் அறிந்தவர்கள் எழுதிய சட்டத்தில் அது இல்லை.

இனி, எனக்கு இவற்றினும் பெரிதாகத் தோன்றும் ஓர் அறச் சிக்கலுக்கு வருகிறேன். அமெரிக்கச் சட்டப்படி ஒருவருக்கு நீதிமன்றம் தண்டனை அளித்திருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. தாம் அக்குற்றத்தைச் செய்ததாக அவரே ஒப்புக்கொண்டால் போதும், வாயில் மூடப்படும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அது குற்றம். "முன்பு எப்போதாவது புகைத்ததுண்டா?" என்று அதிகாரி கேட்கிறார். ஆம் என்றால் தடை. இல்லை என்று பொய் சொல்லி, அது பின்னர் வெளிப்பட்டால், உண்மையை மறைத்த குற்றத்துக்குத் தனியே தடை. அதற்குக் கால எல்லை கிடையாது. கனடாவும் பொய்யுரைத்தவரை 5 ஆண்டு தள்ளி வைக்கிறது. பழைய பிழையைத் தானே பறைசாற்றாமல், இறைவன் மறைத்ததை மறைவாகவே வைத்துக்கொள்வது நம் மரபில் நாணத்தின் பாற்பட்டது. உண்மையே பேசு என்பதும் அதே மரபு. சாவடிச் சாளரத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதும்போது மனிதனுக்கு யோசிக்கக் கிடைப்பது சில நொடிகள். வாய்மையாளன் திரும்பிப் போகிறான், துணிந்து பொய்யுரைப்பவன் பலவேளை கடந்துவிடுகிறான். இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் அரசு, நல்லொழுக்கத்தைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொள்வது எனக்கு விளங்கவில்லை.

விக்டர் ஹியூகோ 1862-இல் இதையே கதையாக்கினார். சுத்தானந்த பாரதியாரின் தமிழாக்கத்தாலும், 1950-இல் நாகையா நடித்து வெளிவந்த 'ஏழை படும் பாடு' படத்தாலும் அக்கதையை நம்மவர் அறிவர். பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசம் முடித்து வெளியேறும் ழான் வல்ழானின் கையில் ஒரு மஞ்சள் சீட்டு. போகும் ஊர்தோறும் அதைக் காட்ட வேண்டும். காட்டினால் சத்திரத்தில் சோறும் இல்லை, படுக்க இடமும் இல்லை. பின்னர் அவன் பெயரை மாற்றிக்கொண்டு, ஊருக்குத் தலைவனாகி, நூற்றுக்கணக்கானோருக்குப் பிழைப்புத் தருகிறான். அவன் நல்லவனாக வாழ முடிந்ததே அந்தச் சீட்டு கையில் இல்லாததால்தான். வேறொருவன் தன் பெயரில் தண்டிக்கப்படவிருக்கும் வேளையில், நீதிமன்றத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான்; அன்றோடு எல்லாம் போகிறது. பெயரை மாற்றிக்கொண்டு தப்பும் அந்த வழி இன்று இல்லை. கைரேகையை மாற்ற முடியாதே.

முற்றிலும் கதவடைத்துவிட்டார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. அமெரிக்காவில் தடையை நீக்கி அனுமதி கேட்கும் மனு ஒன்றுண்டு. அதை எப்படி ஆராய வேண்டுமென்று அந்நாட்டுக் குடியேற்ற முறையீட்டு வாரியம் 1978-இல் மூன்று அளவைகளை வகுத்தது: இவரை விட்டால் சமூகத்துக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு, செய்த குற்றம் எவ்வளவு கொடியது, எதற்காக வர விரும்புகிறார். மூன்றும் அறிவுள்ள கேள்விகள். அண்டை வீட்டுக்காரர் நியாயமாகக் கேட்கக்கூடியவை இவையே. இவற்றைக் கேட்டபின் "வேண்டாம்" என்றால் அதிலும் ஒரு நீதி இருக்கும். குறை எங்கேயென்றால், இக்கேள்விகளைச் சாவடியில் யாரும் கேட்பதில்லை. கட்டணம் கட்டி, பழைய நீதிமன்ற ஆவணங்களைத் தேடியெடுத்து, பணி தந்தவரின் சான்றும் ஊராரின் சான்றும் இணைத்து, தாம் செய்ததையும் அதற்காக வருந்துவதையும் தம் கைப்பட எழுதி அனுப்பிப் பலமாதம் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் அனுமதி ஐந்தாண்டுக்கு மேல் செல்லாது. அது முடிந்ததும் அதே ஆவணங்கள், அதே வருத்தம், மறுபடியும். ஐம்பது வயதில் எழுதியதை ஐம்பத்தைந்தில் எழுத வேண்டும், அறுபதில் எழுத வேண்டும். உண்மையாகவே வருந்தியவர்கூட மூன்றாம் முறை எழுதும்போது, வருத்தம் சொற்களை விட்டு நழுவிப் போயிருப்பதை உணர்வார். தவ்பாவைத் தவணை முறையில் கேட்பதால் நேரும் கேடு அது.

அனுமதி பெற்றவருக்கும் எல்லாப் பாதையும் திறப்பதில்லை. 2001-ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின் இரு நாடுகளும் சேர்ந்து, நம்பிக்கைக்குரிய ஓட்டுநர்கள் விரைந்து கடக்கத் தனித்தடமும் அதற்கொரு அட்டையும் ஏற்படுத்தின. குற்றப் பதிவு உள்ளவருக்கு அவ்வட்டை கிடைப்பதரிது. சரக்கு அனுப்புவோர் விரைவையே விரும்புவதால், நிறுவனமும் அட்டையுள்ளவரையே எல்லைக்கு அனுப்ப விரும்பும். மற்றவர் உள்நாட்டு ஓட்டத்துக்கு மாற்றப்படுவார். டொராண்டோவிலிருந்து இரவில் ஓட்டி வந்து, வின்சர் நகர எல்லையில் உள்ள நிறுத்துமிடத்தில் சரக்குப் பெட்டியைக் கழற்றி விடுவார். பழைய பதிவு எதுவும் இல்லாத இன்னொருவர் தம் வண்டியோடு அதை இணைத்துக்கொண்டு பாலத்தில் ஏறுவார். பெட்டி அன்றே டெட்ராய்ட் சேரும். கொண்டுவந்தவர் அடுத்த வெற்றுப் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்புவார்.